உங்க போன் இருக்கும் இடத்தை சாட்டிலைட் பார்க்கிறதா? ஜிபிஎஸ் டிராக்கிங் உண்மையில் எப்படி நடக்கிறது?

இரவு 10 மணி. கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறிய மகள் விழுப்புரம் தாண்டிவிட்டாரா என்று வீட்டில் இருந்தபடியே அப்பா போனில் பார்க்கிறார். நீலப் புள்ளி நெடுஞ்சாலையில் நகர்வதைப் பார்த்ததும் நிம்மதி.

அதே நேரம் இன்னொரு வீட்டில், ஒரு பெண் எங்கே போனாலும் பிரிந்து போன கணவருக்குத் தெரிந்துவிடுகிறது. யார் சொல்கிறார்கள் என்றே அவருக்குப் புரியவில்லை.

இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே தொழில்நுட்பம்தான். அது எப்படி வேலை செய்கிறது, எங்கே உதவும், எங்கே ஆபத்தாகும்? பார்க்கலாம்.

சாட்டிலைட் நம்மைப் பார்க்கிறதா?

இல்லை. 'ஜிபிஎஸ் சாட்டிலைட் நம்ம போனை மேலிருந்து கவனிச்சுக்கிட்டே இருக்கு' என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. சாட்டிலைட் பேசும், போன் கேட்கும், அவ்வளவுதான். உங்கள் போன் ஜிபிஎஸ் சாட்டிலைட்டுக்கு எதையும் அனுப்புவதில்லை. யார் கேட்கிறார்கள் என்பதே அந்த சாட்டிலைட்டுக்குத் தெரியாது. ரேடியோ நிலையத்துக்கு யார் வீட்டில் ரேடியோ ஓடுகிறது என்று தெரியாதது போல.

ஜிபிஎஸ் அமெரிக்க அரசுக்குச் சொந்தமானது. பூமியில் இருந்து சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் இந்த சாட்டிலைட்டுகள் ஒரு நாளைக்கு இரண்டு முறை பூமியைச் சுற்றி வருகின்றன. குறைந்தது 24 சாட்டிலைட் எப்போதும் வேலையில் இருக்க வேண்டும் என்பது திட்டம். இதேபோல ரஷ்யாவுக்கு குளோனாஸ், ஐரோப்பாவுக்கு கலிலியோ, சீனாவுக்கு பெய்டோ, இந்தியாவுக்கு இஸ்ரோ உருவாக்கிய நாவிக் உண்டு. இன்றைய போன்கள் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகளைச் சேர்த்தே பயன்படுத்துகின்றன.

இடத்தை எப்படிக் கணக்கிடுகிறது?

ஒவ்வொரு சாட்டிலைட்டிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. 'நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இது' என்று அது தொடர்ந்து சிக்னல் அனுப்புகிறது. சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து, சாட்டிலைட் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று போன் கணக்குப் போடுகிறது.

மூன்று சாட்டிலைட் இருந்தால் இடம் கிடைத்துவிடும். ஆனால் போனில் இருக்கும் கடிகாரம் அவ்வளவு துல்லியம் இல்லை. ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரத்தில் 300 மீட்டர் தவறு வரும். அந்தப் பிழையைச் சரிசெய்யத்தான் நான்காவது சாட்டிலைட் தேவை.

திறந்த வெளியில் ஸ்மார்ட்போனின் துல்லியம் பொதுவாக 5 மீட்டர் அளவில் இருக்கும்.

நெட் இல்லாமல் ஜிபிஎஸ் வேலை செய்யுமா?

செய்யும். சிக்னலைக் கேட்பதற்கு டேட்டாவோ சிம் கார்டோ தேவையில்லை. மேப்பை முன்கூட்டியே டவுன்லோட் செய்து வைத்திருந்தால், டவரே இல்லாத மலைப்பாதையிலும் நீலப் புள்ளி காட்டும். நெட் இருந்தால் சாட்டிலைட் விவரங்கள் சீக்கிரம் கிடைப்பதால் இடத்தை வேகமாகப் பிடிக்கும்.

வீட்டுக்குள் இருந்தால் புள்ளி ஏன் தாவுகிறது?

சாட்டிலைட் சிக்னல் மிகவும் பலவீனமானது. கான்கிரீட் கூரையைத் தாண்டி வருவது கஷ்டம். உயரமான கட்டடங்கள் நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் கணக்கு தப்பும்.

அப்போது போன் வேறு வழிகளைத் தேடும். அக்கம்பக்கத்தில் தெரியும் வைஃபை ரவுட்டர்களின் அடையாளத்தை வைத்து இடத்தை ஊகிக்கும். அதுவும் இல்லையென்றால் செல்போன் டவர். டவரை மட்டும் நம்பினால் நகரத்தில் சில நூறு மீட்டர், கிராமத்தில் சில கிலோமீட்டர் வரைகூட வித்தியாசம் வரலாம். அதனால் லொகேஷன் பக்கத்துத் தெருவைக் காட்டினால் உடனே யாரையும் சந்தேகப்பட வேண்டாம்.

அப்போ டிராக்கிங் எங்கே நடக்குது?

போன் தன் இடத்தைத் தெரிந்துகொள்வது முதல் படி. அதை நெட் வழியாக இன்னொருவருக்குச் சொல்வது இரண்டாவது படி. டிராக்கிங் என்பது இந்த இரண்டாவது படிதான். சொல்வது போனில் இருக்கும் ஆப். அனுமதி கொடுத்தது நீங்கள், அல்லது உங்கள் போனைக் கையில் வாங்கிய யாரோ ஒருவர்.

வாட்ஸ்அப்பில் இரண்டு வகை உண்டு. 'கரண்ட் லொகேஷன்' அனுப்பினால் அந்த நேரத்து இடம் மட்டும் போகும். 'லைவ் லொகேஷன்' அனுப்பினால் 15 நிமிடம், 1 மணி நேரம் அல்லது 8 மணி நேரம் வரை உங்கள் நகர்வு தெரியும். இரவுப் பயணத்தில் வீட்டாருக்கு அனுப்ப இரண்டாவதுதான் சரி.

உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு

இந்த வித்தியாசம் நீதிமன்றத்திலும் பேசப்பட்டது. போதைப்பொருள் வழக்கில் கைதான நைஜீரியர் ஒருவருக்கு டெல்லி உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தபோது, கூகுள் மேப்பில் பின் போட்டு விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது.

பின் என்பது ஒரே இடத்தைக் குறிக்கும் அடையாளம். ஆள் நகர்ந்தால் அது நகராது. அதை வைத்து ஒருவரைத் தொடர்ந்து கண்காணிக்க முடியாது என்பது கூகுள் தரப்பு விளக்கத்திலேயே தெரியவந்தது. 2024 ஜூலை 8-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது. ஜாமீனில் வந்தவரின் ஒவ்வொரு அசைவையும் போலீஸ் கண்காணிக்கும்படி நிபந்தனை போடுவது, அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் தனியுரிமைக்கு எதிரானது என்றும் சொன்னது.

போன் தொலைந்தால் என்ன செய்யலாம்?

ஆண்ட்ராய்டில் 'ஃபைண்ட் ஹப்', ஐபோனில் 'ஃபைண்ட் மை'. இன்னொரு போனில் உங்கள் கணக்கில் லாகின் செய்து இடத்தைப் பார்க்கலாம், சைலன்ட்டில் இருந்தாலும் ஒலிக்க வைக்கலாம், லாக் செய்யலாம், தகவல்களை அழிக்கலாம். போன் ஆஃப் ஆகியிருந்தால் பெரும்பாலும் கடைசியாக இருந்த இடம் மட்டுமே கிடைக்கும். சில புதிய மாடல்களில் மட்டும் ஆஃப் ஆன பிறகும் கண்டுபிடிக்க வழி உண்டு.

மேப்பில் காட்டும் வீட்டுக்கு நீங்களே தனியாகப் போய் நிற்காதீர்கள். போலீசில் புகார் கொடுத்துவிட்டு, சஞ்சார் சாத்தி இணையதளத்தில் ஐஎம்இஐ எண்ணைப் பிளாக் செய்யுங்கள். 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைத் தெரிந்துகொள்ள *#06# அழுத்தினால் போதும். தொலைவதற்கு முன்பே, இன்றைக்கே எழுதி வையுங்கள். இது ஜிபிஎஸ் முறை இல்லை. திருடியவர் சிம்மை மாற்றினாலும் அந்தப் போன் நெட்வொர்க்கில் வேலை செய்யாமல் தடுக்கும்.

யாரோ உங்களை டிராக் செய்வதாக சந்தேகமா?

கவனிக்க வேண்டியவை:

• செட்டிங்ஸ், லொகேஷன் பகுதியில் எந்தெந்த ஆப்புக்கு 'எப்போதும்' என்ற அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். டார்ச் லைட் ஆப்புக்கு உங்கள் இடம் எதற்கு?

• கூகுள் மேப்ஸில் 'லொகேஷன் ஷேரிங்', வாட்ஸ்அப்பில் 'லைவ் லொகேஷன்' யாருக்கு ஓடுகிறது என்று பாருங்கள்.

• உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு வேறு யார் கையில் இருக்கும் போனிலாவது லாகின் ஆகியிருக்கிறதா? பாஸ்வேர்டு தெரிந்தவருக்கு வேறு எந்த ஆப்பும் தேவையில்லை. 'ஃபைண்ட் ஹப்' வழியாகவே உங்களைப் பார்த்துவிடலாம்.

• நீங்கள் இன்ஸ்டால் செய்யாத, பெயர் தெரியாத ஆப் இருக்கிறதா?

• பையிலோ வண்டியிலோ சின்ன டிராக்கர் மறைத்து வைக்கப்பட்டிருக்கலாம். அறிமுகமில்லாத டிராக்கர் உங்களோடு நகர்ந்தால் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டும் எச்சரிக்கை காட்டலாம். அதை ஒதுக்கித் தள்ளாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கண்காணிப்பவர் மிரட்டக்கூடியவர் என்றால், அவசரப்பட்டு எல்லாவற்றையும் அழிக்க வேண்டாம். டிராக்கிங் நின்றால் அவருக்கு உடனே தெரிந்துவிடும், ஆதாரமும் போய்விடும். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையானவருக்கு அனுப்புங்கள். உதவி கேட்க வேறொருவரின் போனைப் பயன்படுத்துங்கள். பெண்கள் 181-ஐயும், உடனடி ஆபத்தில் யாரும் 112-ஐயும் அழைக்கலாம். ஒரு பெண்ணைப் பின்தொடர்வதும், அவரது இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவில் குற்றம். முதல் முறைக்கு 3 ஆண்டு வரை, மீண்டும் செய்தால் 5 ஆண்டு வரை சிறை.

மகளின் பயணத்தைப் பார்க்கும் அப்பாவுக்கு லொகேஷனை அனுப்பியது மகள். ஊர் வந்ததும் அதை நிறுத்துவதும் அவர் கையில்தான் இருக்கிறது. உங்கள் போனில் அது யார் கையில் இருக்கிறது என்பதை இன்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.