டைநைட்ரோபீனால்

2,4-டைநைட்ரோபீனால் (சுருக்கமாக டி.என்.பி) என்பது மஞ்சள் நிறப் படிகங்களாகக் காணப்படும் ஒரு கரிமச் சேர்மம் ஆகும். சாயங்கள், மரப் பாதுகாப்புப் பொருட்கள், பூச்சிக்கொல்லிகள் ஆகியவற்றின் தயாரிப்பில் இது பயன்படுத்தப்பட்டுள்ளது. 1930களில் ஐக்கிய அமெரிக்காவில் உடல் எடையைக் குறைக்கும் மருந்தாக விற்கப்பட்ட இது, பலரின் பார்வையையும் சிலரின் உயிரையும் பறித்தது.

வரலாறு

முதல் உலகப் போரின்போது பிரான்சு நாட்டு வெடிபொருள் தொழிற்சாலைகளில் இச்சேர்மம் பிக்ரிக் அமிலத்துடன் கலந்து பயன்படுத்தப்பட்டது. அங்கு வேலை செய்தோரிடம் மிகுந்த வியர்வை, காய்ச்சல், எடை இழப்பு ஆகியவை காணப்பட்டன, சிலர் இறந்தனர். 1933 இல் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாரிசு டெயின்டர், வின்சர் கட்டிங் ஆகியோர் இது வளர்சிதைமாற்ற வேகத்தைக் கூட்டி எடையைக் குறைப்பதை அறிவித்தனர். ஓராண்டுக்குள் அந்நாட்டில் குறைந்தது 1,00,000 பேர் இதனை உட்கொண்டிருப்பர் என டெயின்டர் மதிப்பிட்டார்.

அன்று நடைமுறையில் இருந்த 1906 ஆம் ஆண்டுச் சட்டம் நோய் தீர்க்கும் பொருட்களையே மருந்து எனக் கொண்டது. உடற் பருமன் நோயாகக் கருதப்படாததால், இம்மாத்திரை அச்சட்டத்துக்கு அகப்படவில்லை. 1935 முதல் இதனை உட்கொண்ட இளம் பெண்களுக்குக் கண்புரை ஏற்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. 1938 இல் புதிய உணவு, மருந்து, ஒப்பனைப் பொருட்கள் சட்டம் நிறைவேறிய பின்னரே இது மனிதர் உட்கொள்ளத் தகாதது என அறிவிக்கப்பட்டது.

செயல்படும் விதம்

உயிரணுவின் இழைமணிகள், உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு ஐதரசன் அயனிகளை உட்சவ்வின் ஒரு பக்கத்தில் தேக்குகின்றன. அணையில் தேங்கிய நீர் சுழலியைச் சுற்றி மின்சாரம் தருவதுபோல, இவ்வயனிகள் திரும்பிப் பாயும்போது ஏ.டி.பி என்னும் ஆற்றல் மூலக்கூறு உருவாகிறது. டி.என்.பி அயனிகளைச் சுழலியின் வழியன்றி நேரே சவ்வைக் கடத்திவிடுகிறது. அதாவது அணையில் ஓட்டை இடுகிறது. ஏ.டி.பி உற்பத்தி குறைகிறது. அதனை ஈடு செய்ய உடல் மேலும் கொழுப்பை எரிக்கிறது. அவ்வாற்றல் வெப்பமாக வீணாகிறது.

பச்சிளங் குழந்தைகளின் பழுப்புக் கொழுப்பிலும் இத்தகைய வெப்ப உற்பத்தி இயல்பாக நிகழ்கிறது. எனினும் அதனை உடல் கட்டுப்படுத்துகிறது. டி.என்.பியின் செயலுக்கு அத்தகைய கட்டுப்பாடு எதுவும் இல்லை.

கவர்ச்சியும் ஆபத்தும்

எடை குறைப்பதாக விற்கப்படும் பல போலி மருந்துகளைப் போலன்றி, டி.என்.பி உண்மையாகவே எடையைக் குறைக்கிறது. உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் இன்றி விரைவில் பலன் தருவதே இதன் கவர்ச்சி ஆகும். ஆனால் கொழுப்பை எரிக்கும் அதே செயலே உடலையும் சூடாக்குவதால், பயனை வைத்துக்கொண்டு நஞ்சை மட்டும் நீக்க இயலாது.

பயன் தரும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. தொடர்ந்து உட்கொண்டால் இது உடலில் சேர்ந்துகொண்டே போகும். நஞ்சேறியவரின் உடல் வெப்பநிலை 40 பாகை செல்சியசைக் கடக்கலாம். இதயத் துடிப்பு விரைந்து, உறுப்புகள் செயலிழக்கலாம். இதற்கு முறிமருந்து இல்லை. உடலைக் குளிர்வித்து, நீர்ச்சத்தை ஈடு செய்வது போன்ற ஆதரவுச் சிகிச்சையே அளிக்கப்படுகிறது.

தற்கால நிலை

இணையம் பரவிய பின்னர் உடற்கட்டுப் பயிற்சியாளர்களிடமும் விரைவில் மெலிய விரும்புவோரிடமும் இதன் பயன்பாடு மீண்டும் தலைதூக்கியது. 2015 இல் இன்டர்போல் அமைப்பு 190 நாடுகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. 2023 அக்டோபர் முதல் ஐக்கிய இராச்சியத்தில் இது உரிமம் இன்றிப் பொதுமக்கள் வைத்திருக்கக் கூடாத நச்சுப் பொருளாக உள்ளது.

இவற்றையும் பார்க்க: உடற் பருமன், இழைமணி, வளர்சிதைமாற்றம், கண்புரை