பெயர் வைக்க முடியாத ஆல்பம்

மேற்கில் ராக் குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்தால் அது பெரிய சேதி. 1969-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் டீப் பர்ப்பிள் குழு அப்படித்தான் வாசித்தது. நம்ம ஊர்ல அது அன்றாட வேலை. சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் வரிசையும் பேஸ் கிட்டாரும் ஒரே சினிமாப் பாட்டுக்குச் சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தன.

1986-ல் இளையராஜா அந்த உழைப்பைச் சினிமாவிலிருந்து தனியே எடுத்தார். 'ஹௌ டு நேம் இட்?' ஆல்பத்தில் கதாநாயகன் கிடையாது, பாடல் வரி கிடையாது. வி.எஸ். நரசிம்மனின் வயலின்தான் குரல். சமர்ப்பணம் தியாகராஜருக்கும் பாக்குக்கும். பாக் இறந்தது 1750. தியாகராஜர் பிறந்தது 1767. சந்தித்திருக்கவே முடியாத ரெண்டு பேர். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற உருப்படியில் பாக்கின் மூன்றாம் வயலின் பார்ட்டிட்டாவோடு கர்நாடக வயலின் பேச்சுக் கொடுக்கும்.

சமயபுரத்தில் இருந்து இதைக் கேட்கும்போது எனக்குத் தியாகராஜர் பக்கத்து ஊர்க்காரராகிவிடுகிறார். அவர் வந்து பஞ்சரத்தினம் பாடிய லால்குடி கொஞ்ச தூரம்தான். நாம் அவரைப் பூஜையறைப் படமாக்கி மாலை போட்டுவிட்டோம். ராஜா அவரை ஸ்டுடியோவுக்குக் கூட்டிவந்து பாக்கோடு சரிக்குச் சரியாக உட்காரவைத்தார்.

படப்பாட்டு, கச்சேரி, ராக் என எந்த அலமாரியிலும் இது அடங்காது. அதனாலேயே ராஜா பற்றிய நம் பேச்சில் பலசமயம் விடுபட்டுப்போகிறது. 'மேட் மாட் மூட் ஃப்யூக்'கில் ஆரம்பிங்க. பெயர் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.