காவிரிப் பங்கீட்டின் கணக்கில் வராத வண்டல்

காவிரி நீர்ப் பங்கீடு தமிழ்நாடு–கர்நாடக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீரைக் கொண்டு நடைபெறுகிறது. காவிரி நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டு இறுதித் தீர்ப்பில் மொத்த நீர் 740 டிஎம்சி எனக் கணித்து, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 டிஎம்சி என ஒதுக்கியது. எல்லையில் ஆண்டுதோறும் வந்து சேர வேண்டிய நீர் 192 டிஎம்சி. உச்ச நீதிமன்றம் 2018இல் இதை 177.25 ஆகக் குறைத்தது. எந்த மாதத்தில் எவ்வளவு நீர் என்ற அட்டவணையும் உண்டு. ஆக, அளவும் பருவமும் கணக்கில் இருக்கின்றன. ஆறு சுமந்து வரும் மண் அதில் இல்லை.

1924 காவிரி ஒப்பந்தத்தையொட்டி நிறைவடைந்த கிருஷ்ணராஜசாகரும், 1934இல் முடிந்த மேட்டூர் அணையும் வெள்ளத்தைத் தேக்கிப் பாசனத்தைச் சீராக்கின. ஜூன் 12இல் மேட்டூரைத் திறக்கும் வழக்கமும், அதையொட்டி நடக்கும் குறுவைச் சாகுபடியும், கல்லணைக் கால்வாயால் பாசனம் பெற்ற புது நிலங்களும் அந்தத் தேக்கத்தின் பயன்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் தேங்கிய நீர் தன் வண்டலை அணைக்குள்ளேயே படியவிட்டு, தெளிந்து வெளியேறுகிறது. மேட்டூருக்குக் கீழே வந்து சேரும் பவானியிலும் அமராவதியிலும்கூட அணைகள் உள்ளன.

கழிமுக நிலம் இயல்பாகவே மெல்ல அமிழும் தன்மையது. வெள்ளம்தோறும் படியும் வண்டல்தான் அந்தத் தாழ்வை ஈடுசெய்கிறது. அந்த வரத்துக் குறைந்தால் கடற்கரையும் முகத்துவாரமும் வலுவிழக்கும். மண் சுமக்காத நீர் தன் படுகையையே அரிக்கும். மிஞ்சிய மணலையும் லாரிகள் அள்ளிச் செல்லும்போது படுகை மேலும் தாழ்ந்து, கரையோரக் கிணறுகளின் நீர்மட்டம் இறங்குகிறது. வாய்க்கால்களில் ஆண்டுதோறும் தூர் வாரப்படுகிறதே, வண்டல் எங்கே குறைந்தது என்று கேட்கலாம். கரை சரிந்த மண்ணும் ஆகாயத்தாமரையும் கலந்த அந்தத் தூரைப் புது வண்டலாகக் கொள்ள இயலாது.

கடலுக்குச் செல்லும் நீரைப் பற்றிய பார்வையும் இதே குறையுடையது. 740 டிஎம்சியில் சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க இயலாமல் கடலில் கலப்பதற்கு 4 டிஎம்சி என்றே நடுவர் மன்றம் ஒதுக்கியது. இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. மேடைப் பேச்சிலும் நாளிதழிலும் ‘கடலில் வீணாகும் நீர்’ என்ற சொல் நிலைத்துவிட்டது. ஆனால் அந்நீரின் முதல் வேலை உப்பைப் பின்னுக்குத் தள்ளுவது. கொள்ளிடத்தில் நன்னீர் ஓட்டம் ஓயும் மாதங்களில் கடல்நீர் ஆற்றுவழியே உள்ளேறுகிறது. நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களின் கடைமடை ஊர்களில் நிலத்தடி நீர் உவராகும்போது, குழாய்க்கிணற்றால் குறுவையைக் காப்பாற்றும் வழியும் அடைபடுகிறது. மேட்டூரைத் திறக்கத் தாமதமாகும் ஆண்டுகளில் முதலில் தரிசாவதும் அந்த ஊர்களின் வயல்களே. கோரையாறு உள்ளிட்ட வடிகால்கள் வந்து சேரும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் உவர்ப்பைப் பெரிதும் தாங்கும் வெண்கண்டல் மரமே மிகுந்திருக்கிறது. நன்னீரும் உவர்நீரும் கலக்கும் நீரை நாடும் பிற மர இனங்களுக்கு அங்கே இடம் குறைவு.