பச்சிளங்குழந்தைகளின் மஞ்சள் காமாலை: வெயில், தாய்ப்பால், வீட்டு மருந்து

பிறந்த முதல் வாரத்தில், நிறைமாதக் குழந்தைகளில் ஏறக்குறைய 60 விழுக்காட்டினருக்கும் குறைமாதக் குழந்தைகளில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினருக்கும் தோலும் கண்ணின் வெண்பகுதியும் மஞ்சளாக மாறுகின்றன. இவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. ஓரிரு வாரங்களில் நிறம் தானாக மறைந்துவிடும். சிறு பகுதியினருக்கு மட்டும் மஞ்சள் நிறமி அளவு கடந்து உயர்ந்து, மூளையில் படிந்து, வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் பாதிப்பை உண்டாக்குகிறது. "காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும்" என்ற அறிவுரை பல வீடுகளில் பலித்ததாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம். வெயிலில் காட்டாமல் இருந்திருந்தாலும் அக்குழந்தைகளுக்குச் சரியாகியிருக்கும். மீதமுள்ள சிறு பகுதியினருக்கோ அதே அறிவுரையால் இரண்டு மூன்று நாட்கள் வீணாகின்றன. அந்த நாட்கள்தாம் முக்கியமானவை.

நிறம் ஏன் மாறுகிறது?

சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி உண்டாகிறது. பச்சிளங்குழந்தையின் உடலில் சிவப்பணுக்கள் மிகுதி. அவற்றின் ஆயுளும் பெரியவர்களுடையதைவிடக் குறைவு. ஆகவே நிறமியும் அதிகமாக உருவாகிறது. அதை நீரில் கரையும் பொருளாக மாற்றிப் பித்தநீர் வழியாக வெளியேற்ற வேண்டிய கல்லீரல் நொதி முதல் சில நாட்களில் முழுமையாகச் செயல்படுவதில்லை. குடலுக்கு வந்து சேரும் நிறமியிலும் ஒரு பகுதி, மலம் வெளியேறத் தாமதமானால், மீண்டும் இரத்தத்தில் உறிஞ்சப்படுகிறது.

இவ்வகைக் காமாலை பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் தோன்றி, மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரையில் உச்சத்தை அடைகிறது. சுகப்பிரசவமான தாயும் சேயும் இரண்டு நாட்களில் வீடு திரும்புவது வழக்கம். எனவே, நிறமி உச்சத்தை எட்டும்போது குழந்தை மருத்துவரின் பார்வையில் இல்லை. பாட்டியின் மடியில் இருக்கிறது. வீட்டிலுள்ளோர் என்ன பார்க்கிறார்கள், எப்போது புறப்படுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அக்குழந்தையின் நலம் அமைகிறது.

வெயிலுக்கும் காமாலைக்கும் உள்ள உண்மையான தொடர்பு

வெயில் பற்றிய நம்பிக்கை அடிப்படையற்றதன்று. இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள ராச்ஃபோர்டு பொது மருத்துவமனையில், 1956ஆம் ஆண்டு, குறைமாதக் குழந்தைகள் பிரிவின் பொறுப்புச் செவிலியரான ஜீன் வார்ட் வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்திற்குக் கொண்டுசெல்வது வழக்கம். ஒரு நாள், உடையின்றிக் கிடத்தப்பட்ட ஒரு குழந்தையின் உடலில் வெயில் பட்ட இடங்கள் வெளிறியிருக்க, துணியின் மூலை மறைத்திருந்த முக்கோணப் பகுதி மட்டும் மஞ்சளாக இருந்ததை அவர் மருத்துவர்களிடம் காட்டினார். அதே மருத்துவமனையின் ஆய்வகத்தில், சன்னலோரம் வெயிலில் இருந்துவிட்ட இரத்த மாதிரி ஒன்றில் பிலிருபின் அளவு எதிர்பாராதவாறு குறைந்திருந்ததும் தெரியவந்தது. இவ்விரண்டையும் தொடர்ந்து அங்கு நடந்த ஆய்வு 1958இல் 'லான்செட்' இதழில் வெளியானது. இன்று எல்லாப் பெரிய மருத்துவமனைகளிலும் உள்ள நீல ஒளிச் சிகிச்சை அந்த முற்றத்திலிருந்து பிறந்ததே.

வெயிலில் பயன் தருவது வெப்பமும் புற ஊதாக் கதிரும் அல்ல. நீல ஒளி மட்டுமே. சுமார் 460 முதல் 490 நானோமீட்டர் வரையிலான அலைநீளமுள்ள ஒளி தோலின் ஊடே செல்லும்போது, அங்குள்ள பிலிருபினின் வடிவம் மாறுகிறது. மாறிய வடிவம் நீரில் கரைவதால், கல்லீரல் நொதியின் உதவியின்றியே பித்தநீரிலும் சிறுநீரிலும் வெளியேறிவிடுகிறது. ஒளிச் சிகிச்சைக் கருவி இந்த நீல ஒளியை மட்டும் தேர்ந்து, குழந்தையின் உடல் முழுவதும் படும்படி, பல மணி நேரம் தொடர்ந்து அளிக்கிறது. வீட்டில் நாம் செய்வது என்ன? சட்டையும் குல்லாவும் அணிந்த குழந்தையின் முகத்தில் கால் மணி நேரம் வெயில் படுகிறது. கூடியிருக்கும் நிறமியைக் குறைக்க இது போதாது. போதுமான அளவு கிடைக்கட்டும் என்று உடையைக் களைந்து நெடுநேரம் கிடத்தினாலோ, தோல் சிவந்து புண்படும். உடல் சூடாகி நீர்ச்சத்து குறையும். நீர்ச்சத்தும் எடையும் குறையும் குழந்தைக்குக் காமாலை மேலும் கூடும். உதகை போன்ற குளிர்ப் பகுதிகளில் அதிகாலையில் உடையின்றி வைத்தால் உடல் குளிர்ந்துபோகும் ஆபத்தும் உண்டு.

கருவிகள் போதாத இடங்களில் வெயிலை முறையாகப் பயன்படுத்த இயலுமா என்ற ஆய்வும் நடந்துள்ளது. நைஜீரியாவின் லாகோஸ் நகரில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான அந்த ஆய்வில், புற ஊதாக் கதிரையும் வெப்பத்தையும் தடுக்கும் சிறப்புப் படலத்தாலான கூடாரத்தின்கீழ்க் குழந்தைகள் வைக்கப்பட்டனர். அம்முறை நற்பலன் அளித்தது. ஆனால் அங்கே மருத்துவப் பணியாளர்கள் உடனிருந்து குழந்தைகளின் உடல் வெப்பத்தைத் தொடர்ந்து அளந்தனர். இரத்தத்தில் பிலிருபினும் அளக்கப்பட்டது. மொட்டை மாடியில் அதைச் செய்ய இயலாது.

வைட்டமின் டி பெறுவதற்காக வெயிலில் காட்டுவதாகச் சிலர் கூறுவர். அது வேறு செய்தி. அதற்குத் தேவையான புற ஊதாக் கதிர் சன்னல் கண்ணாடியைக் கடந்து வருவதில்லை. நேர் வெயிலோ பச்சிளந்தோலுக்கு ஏற்றதன்று. குழந்தைக்குரிய வைட்டமின் டி சொட்டு மருந்தை மருத்துவர் கூறும் அளவில் அளித்தால் போதும்.

வெளிச்சத்தை எதற்குப் பயன்படுத்தலாம்?

மஞ்சள் நிறத்தைக் கண்டறிய. தாயையும் சேயையும் சன்னல் அடைத்த அறையில் வைத்திருக்கும் வழக்கம் இன்னும் பல குடும்பங்களில் உள்ளது. மங்கிய அறையிலும் மஞ்சள் விளக்கொளியிலும் காமாலை கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே முதல் வாரத்தில் நாள்தோறும் ஒரு முறை, நேர் வெயில் படாத, நல்ல பகல் வெளிச்சம் வரும் சன்னலருகில் குழந்தையை வைத்து உடையைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். நெற்றி, மார்பு, வயிறு, முழங்காலுக்குக் கீழ் ஆகிய இடங்களில் விரலால் மெல்ல அழுத்தி எடுத்தால், அந்த நொடியில் தோலின் அடிநிறம் தெரியும். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கால் நோக்கி இறங்கும். கால்கள், உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளாகத் தெரிந்தால் நிறமி மிக உயர்ந்திருக்கக்கூடும். மாநிறமும் கருநிறமும் உடைய குழந்தைகளுக்குக் கண்ணின் வெண்பகுதியையும் ஈறுகளையும் பார்ப்பது தெளிவு தரும்.

இச்சோதனையால் காமாலை உண்டு என அறியலாமே தவிர, அதன் அளவை அறிய இயலாது. அனுபவமுள்ள மருத்துவர்களின் கண்களும் இதில் ஏமாறுவதுண்டு. தோல்மேல் வைத்துப் பார்க்கும் கருவியாலோ இரத்தப் பரிசோதனையாலோதான் அளவு தெரியும்.

உணவு: தாய்க்கும் சேய்க்கும்

குழந்தைக்கு உணவும் மருந்தும் தாய்ப்பாலே. முதல் நாட்களில் சுரக்கும் சீம்பால் மலமிளக்கும் தன்மையுடையது. நிறமி நிறைந்த கரும்பச்சை மலம் விரைவில் வெளியேற உதவுகிறது. ஒரு நாளில் 8 முதல் 12 முறை, இரவிலும், பால் கொடுக்க வேண்டும். காமாலையுள்ள குழந்தை மிகுதியாக உறங்கும்; "நன்றாகத் தூங்குகிறது, எழுப்ப வேண்டா" என்று விட்டுவிடுவது தவறு. உள்ளங்காலை வருடி, துணியைத் தளர்த்தி எழுப்பிப் புகட்ட வேண்டும். ஐந்தாம் நாளளவில் மலம் மஞ்சளாக மாறி, நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்தால் பால் போதுமான அளவு கிடைக்கிறது எனக் கொள்ளலாம். மார்பில் சரியாகப் பற்றவில்லையெனில் செவிலியரின் உதவியைத் தயங்காமல் கேட்க வேண்டும்.

தாய்க்குப் பத்தியம் தேவையில்லை. தாய் மஞ்சள் சேர்த்த குழம்பையோ பப்பாளியையோ உண்பதால் குழந்தைக்குக் காமாலை வருவதில்லை. எண்ணெய், நெய், பருப்பு ஆகியவற்றை நிறுத்துவதால் அது குறைவதுமில்லை. தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கும் பத்தியம் பிரசவித்த உடலைத் தளர்த்துவதன்றி வேறொன்றும் செய்யாது. தாய் பசியாற உண்டு, தாகம் தீரப் பருகட்டும்.

வீட்டு மருந்துகள்

சர்க்கரைத் தண்ணீரும் குளுக்கோஸ் நீரும் காமாலையைக் குறைப்பதில்லை. சிறு வயிற்றை நிரப்பிப் பால் குடிப்பதைக் குறைக்கின்றன. தேன், ஓராண்டு நிறைவதற்குமுன் எக்காரணம் கொண்டும் கொடுக்கத் தக்கதன்று. அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிரி நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைக் குழந்தையின் குடலில் உண்டாக்கலாம். தெருவில் கறந்து சங்கில் விற்கப்படும் கழுதைப் பால், காய்ச்சப்படாத பாலாதலால் நோய்த்தொற்றுக்கு வழிவகுக்கும். உரைமருந்து, வசம்பு ஆகியனவும் இக்காலத்தில் வேண்டா.

கீழாநெல்லி பற்றித் தனியே கூற வேண்டும். பெரியவர்களின் காமாலைக்கு நம் மக்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் மூலிகை அது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்போருக்கு அது பயன் தருவதாகச் சென்னையில் நடந்த ஆய்வு ஒன்று 1988இல் வெளியாயிற்று. அக்கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாரூக் புளும்பெர்க் அதில் பங்கேற்றிருந்தார். பின்னர் வேறிடங்களில் நடந்த ஆய்வுகள் அப்பயனை உறுதிசெய்யவில்லை. அது எவ்வாறாயினும், அங்கே நோய் கிருமியால் கல்லீரலுக்கு நேர்ந்த அழற்சி. பச்சிளங்குழந்தையின் கல்லீரலில் அழற்சி இல்லை. அது இன்னும் முதிரவில்லை, அவ்வளவே. பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்றாகிவிடாது.

கண்ணில் பச்சிலைச் சாறு விடுதல், தோலில் சூடு வைத்தல் ஆகியவை நேரடித் தீங்கு செய்பவை. அதிகம் அறியப்படாத மற்றோர் ஆபத்து துணிப்பெட்டியில் உள்ளது. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு, அந்துருண்டை போட்டு வைத்த பழந்துணியின் வாடையே சிவப்பணுக்களைச் சிதைத்துக் காமாலையைத் திடீரென உயர்த்தக்கூடும். மருதாணி பூசுவதும் அவ்வாறே. எனவே குழந்தைக்கான துணிகளில் அந்துருண்டை வைக்கலாகாது.

உடனே புறப்பட வேண்டிய நிலைகள்

பிறந்த 24 மணி நேரத்திற்குள் மஞ்சள் தோன்றினால் அது இயல்பானதன்று. தாய்க்கு ஆர்எச் நெகட்டிவ் அல்லது 'ஓ' வகை இரத்தம் இருக்கும்போது, இரத்த வகைப் பொருந்தாமை காரணமாக இருக்கலாம். கால், உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுதல், பால் குடிக்க மறுத்தல், எழுப்ப இயலாத உறக்கம், காய்ச்சல் ஆகியவற்றுள் எதுவாயினும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கீச்சென்ற அழுகை, உடல் வில்லாக வளைதல், வலிப்பு ஆகியவை நிறமி மூளையைத் தாக்கத் தொடங்கியதன் அடையாளங்கள். அந்நிலையில் விடியும்வரை காத்திருக்கலாகாது. 108 ஊர்தியை அழைக்க வேண்டும். தாமதித்தால் காது கேளாமையும் மூளை முடக்குவாதமும் எஞ்சக்கூடும். அரசு மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளுக்கான இச்சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

மருத்துவமனையில் கண்களை மறைத்து, அரைத்துணி மட்டும் கட்டி, குழந்தையை நீல ஒளியில் வைப்பர். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்கள் போதும். இடையிடையே எடுத்துப் பால் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். அப்போது மலம் பச்சை நிறமாக இளகிப் போவது இயல்பே. மிக உயர்ந்த அளவுகளுக்கு இரத்த மாற்றுச் சிகிச்சை தேவைப்படலாம்.

இரண்டு வாரங்களுக்குப் பின்னும் மஞ்சள் நீடித்தால்

தாய்ப்பால் குடித்து நன்கு எடை கூடும் சில குழந்தைகளுக்கு இலேசான மஞ்சள் பல வாரங்கள் நீடிக்கும். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. ஆயினும் நிறைமாதக் குழந்தைக்கு 14 நாட்களும் குறைமாதக் குழந்தைக்கு 21 நாட்களும் கடந்தால் இரத்தப் பரிசோதனை ஒன்று கட்டாயம் செய்ய வேண்டும். குறிப்பாக, மலம் சுண்ணாம்பு போல் வெளிறியிருந்தாலோ சிறுநீர் துணியில் மஞ்சள் கறையாகப் படிந்தாலோ பித்தநாள அடைப்பு இருக்கலாம். அதற்கான அறுவைச் சிகிச்சை, குழந்தை பிறந்து 60 நாட்கள் ஆவதற்குள் செய்யப்படும்போதே நல்ல பலன் தருகிறது. மலத்தின் நிறத்தில் ஐயமிருப்பின் அத்துணியையே எடுத்துவந்து மருத்துவரிடம் காட்டலாம்.

ஒளிச் சிகிச்சையோ இரத்த மாற்றமோ பெற்ற குழந்தையின் வெளிநோயாளர் சீட்டையும் விடுவிப்புக் குறிப்பையும் பாதுகாத்து வைத்து, மருத்துவர் கூறும் நாளில் செவித்திறன் பரிசோதனைக்கு வர வேண்டும். அடுத்த கருவுற்றலின்போது, முதல் வருகையிலேயே, முந்தைய குழந்தைக்குக் காமாலைச் சிகிச்சை நடந்ததைக் கிராம சுகாதார செவிலியரிடம் தெரிவித்துத் தாய் சேய் நல அட்டையில் பதிவுசெய்துகொள்ள வேண்டும்.