கரும்பு உழவர் அறிவாற்றல் ஆய்வு

பணமுடை மனிதரின் சிந்தனைத் திறனை எப்படிப் பாதிக்கிறது என்பதைச் சோதித்த கள ஆய்வு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் நடத்தினர். 'சயின்ஸ்' இதழில் 2013 ஆகஸ்டில் வெளிவந்தது.

களம் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 ஊர்கள். பங்கேற்றோர் 464 சிறு கரும்பு உழவர்கள். இவர்களுக்குப் பெரும்பணம் கிடைப்பது கரும்பு வெட்டுக்குப் பிறகே. வெட்டுக்கு முன் 78 விழுக்காட்டினர் பொருளை அடகு வைத்திருந்தனர். பின்னர் 4 விழுக்காட்டினர் மட்டுமே.

அதே உழவரிடம் வெட்டுக்கு முன்னும் பின்னும் சோதனை நடந்தது. இதுவே ஆய்வின் பெரும் சிறப்பு: ஏழையையும் வசதியானவரையும் ஒப்பிடவில்லை, ஒருவரை அவரோடே ஒப்பிட்டது. விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடிப்பது ஒரு சோதனை. '5 5 5' என்று காட்டினால் எத்தனை இலக்கங்கள் என எண்ணி 'மூன்று' எனச் சொல்வது மற்றொன்று. 'ஐந்து' என நாக்கில் வருவதை மனம் அடக்க வேண்டும். இரண்டிலும் வெட்டுக்கு முன் தடுமாற்றம் கூடுதலாக இருந்தது. ஆலைகள் வெவ்வேறு நாள்களில் வெட்டு உத்தரவு தருவதால், பருவநிலையே காரணம் என்று தள்ளிவிட முடியாது.

புள்ளியியல் முறை குறித்து விமர்சனங்கள் எழுந்தன; அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் நடந்த ஓர் ஆய்வில் இத்தகைய வேறுபாடு தெரியவில்லை. ஆயினும் ஏழ்மைக்கு அறிவுக்குறைவைக் காரணம் காட்டும் பழக்கத்தை இந்தக் கரும்பு உழவர் ஆய்வு கேள்விக்குள்ளாக்குகிறது.