சரஸ்வதி அம்மன் போகும் ரோடு

இங்கே கனடாவில் பனிக்காலத்தில் வேலை மாறி, ஊரும் மாறுகிறவர்கள் படும் பாடு உங்களுக்குத் தெரிந்ததுதான். டொராண்டோவில் இருந்து கால்கரி சுமார் 3400 கிலோமீட்டர். காருக்குப் பின்னால் ட்ரெய்லரைக் கட்டி, பிள்ளைகளைப் பின் சீட்டில் உட்கார வைத்து, சுப்பீரியர் ஏரிக்கரை ஓரமாகப் பனியில் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கிளம்புவதற்கு முன் ஒரு பெரிய பட்டியல் போடுவோம். சாமான் எடையில் 60 சதவிகிதம் ட்ரெய்லரின் முன்பாதியில் இருக்க வேண்டும் (பின்னால் கனம் கூடினால் வண்டி வாலாட்ட ஆரம்பித்துவிடும்). ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்? ராத்திரி எங்கே தங்கல்? போய்ச் சேரும் நாள் எது?

இந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது தக்கலையில் இருந்து திருவனந்தபுரம் போகும் ரோடு. மொத்தமே 50, 55 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த ரோட்டில் வருஷா வருஷம் ஒரு பயணம் நடக்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக நின்றுபோகாத பயணம். நான் பார்த்தவரை அதைவிடக் கச்சிதமாகத் திட்டம் போட்ட பயணம் வேறு இல்லை.

நவராத்திரி ஊர்வலத்தைத்தான் சொல்கிறேன். 18ஆம் நூற்றாண்டின் கடைசி வரை திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரம். நவராத்திரி பூஜையும் அங்கேதான். தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகு, பூஜைக்காக ராஜா பத்மநாபபுரம் வருவதற்குப் பதில் சாமிகளே திருவனந்தபுரம் போகிற ஏற்பாடு வந்தது. சுவாதித் திருநாள் (ஆட்சி 1829 முதல் 1846 வரை) காலத்தில் வந்த முறை இது என்பார்கள். மூன்று பேர் போகிறார்கள். பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதி அம்மன், வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை. சரஸ்வதிக்கு யானை, மற்ற இரண்டு பேருக்கும் பல்லக்கு. அந்த சரஸ்வதி கம்பர் கும்பிட்ட அம்மன் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

இப்போது திட்டத்தைப் பாருங்கள். போய்ச் சேரும் நாளை மாற்ற முடியாது, அமாவாசைதான் அதை முடிவு செய்கிறது. நவராத்திரி தொடங்குவதற்கு முந்தின நாள் கோட்டைக்குள் இருந்தாக வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருகிறார்கள். மூன்று நாள் நடை, அதனால் பத்மநாபபுரத்தில் இருந்து அதற்கு இரண்டு நாள் முன்னால் கிளம்ப வேண்டும். நங்கை சுசீந்திரத்தில் இருந்து வர வேண்டும், அதனால் அவர் இன்னும் ஒரு நாள் முன்னால். முதல் ராத்திரி குழித்துறை. இரண்டாம் ராத்திரி நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில். மூன்றாம் நாள் பாலராமபுரம், நேமம் வழியாகக் கரமனை, பிறகு கோட்டை. ஒரு நாள் நடை 15, 20 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

தங்கும் இடங்களைக் கவனித்தீர்களா? குழித்துறையில் தாமிரபரணி (நெல்லைத் தாமிரபரணி இல்லை, கோதையாற்றுத் தண்ணீர் வரும் எங்கள் ஊர் ஆறு). நெய்யாற்றின்கரையில் நெய்யாறு. மூன்றாம் நாள் கரமனையாறு. யானைக்குத் தண்ணீர், ஆட்களுக்குக் குளியல், சாமிக்குக் கோயில், மூன்றும் ஒரே இடத்தில்! தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து வடகிழக்கு ஆரம்பிக்கிற புரட்டாசி, ஐப்பசி நாட்களில் ஆற்றங்கரையில் ராத்திரி தங்கி, விடிந்த பிறகு ஆற்றைத் தாண்டுவது எவ்வளவு நிம்மதி என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது ஒப்படைப்பு. நான் வங்கிக்காரன், எனக்கு இதில்தான் கண் போகும். பணப்பெட்டி ஒரு கிளையில் இருந்து இன்னொரு கிளைக்குப் போனால், கொடுத்தவர் யார், வாங்கினவர் யார், காவல் யார் என்பது ஒவ்வொரு கட்டத்திலும் தெளிவாக இருக்க வேண்டும். இங்கேயும் அப்படித்தான். பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் ராஜாவின் உடைவாளை எடுத்துக் கொடுத்த பிறகே ஊர்வலம் கிளம்பும். அந்த வாள் சாமிகளோடு போய், சாமிகளோடு திரும்பி வரும். ராஜாவே கூட வருகிறார் என்பதற்கு அடையாளம் அது.

இந்த ஒப்படைப்பு முறைக்கு உண்மையான சோதனை 1956ல் வந்தது. அதற்கு முன்னால் தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி மார்ஷல் நேசமணி தலைமையில் பெரிய போராட்டம். 1954 ஆகஸ்ட் 11ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாகாணத்துக்கு வந்தன. கேட்ட பட்டியலில் இருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவில் எல்லைக்கோடு விழுந்தது. இந்தப் பக்கம் அண்ணன் வீடு, அந்தப் பக்கம் தங்கை வீடு என்று ஆன குடும்பங்கள் நிறைய.

ஊர்வலப் பாதையையும் அந்தக் கோடு நடுவில் வெட்டியது. சாமிகள் தமிழ்நாட்டில், பூஜை கேரளத்தில். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை! இவ்வளவு சிக்கலில் ஊர்வலம் நின்றுபோயிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் நிற்கவில்லை. ஒப்படைக்கும் இடம் ஒன்று கூடியது, அவ்வளவுதான். கிளம்பும்போது தமிழ்நாடு போலீஸ் மரியாதை செலுத்தும். களியக்காவிளையில் கேரள அரசு வரவேற்று, கேரள போலீஸ் மரியாதை செலுத்தும். கோபம் ஆறாத காலத்திலும் ஒருவர் கொடுத்தார், மற்றவர் வாங்கினார், திருப்பியும் கொடுத்தார்.

வண்டி இல்லாததால் நடக்கிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 1938 பிப்ரவரி 20ல் திருவிதாங்கூர் அரசு தன் பஸ் சர்வீஸை ஆரம்பித்ததே இந்த ரோட்டில்தான், திருவனந்தபுரம் முதல் கன்னியாகுமரி வரை. 1979ல் ரயிலும் வந்துவிட்டது. கொரோனா வந்த 2020ல், விக்கிரகங்களை வண்டியில் கொண்டுபோகலாம் என்று ஒரு யோசனை வந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. கடைசியில் யானையும் கூட்டமும் இல்லாமல், பல்லக்கில் சுமந்தே கொண்டுபோனார்கள். சுருக்கமாக நடந்தது, ஆனால் நடந்தது.

திருவனந்தபுரத்தில் சரஸ்வதிக்கு நவராத்திரி மண்டபம், குமாரசுவாமிக்கு ஆரியசாலை, நங்கைக்குச் செந்திட்டை. மண்டபத்தில் ஒன்பது நாளும் சுவாதித் திருநாளின் ஒன்பது கீர்த்தனைகள், நாளுக்கு ஒன்றாக. சங்கராபரணத்தில் ஆரம்பித்து ஆரபியில் முடியும். பாட்டுக்கு அதிபதி பெண் தெய்வம், ஆனால் அங்கே பாடப் பெண்களுக்கு இடம் இல்லை. அந்த வழக்கம் உடைந்தது 2006ல். உடைத்தவர் பாறசாலை பொன்னம்மாள், 1924ல் அதே பாறசாலையில் பிறந்தவர். அவர் ஊர் வழியாக வருஷா வருஷம் கடந்துபோன அம்மன் முன்னால் உட்கார்ந்து பாட, அவருக்கு 81 வயது ஆக வேண்டியிருந்தது. 2017ல் பத்மஸ்ரீ கிடைத்தது, 2021ல் காலமானார்.

இதே ரோட்டில் நம்மைப்போலப் புலம்பெயர்ந்தவர்களும் உண்டு. பாலராம வர்மா (1798-1810) காலத்தில் திவான் உம்மிணித் தம்பி, வள்ளியூர்ப் பக்கத்துச் சாலிய நெசவாளர்களை வரவழைத்துப் பாலராமபுரத்தில் குடியேற்றினார். பாலராமபுரம் கைத்தறி என்று கேரளம் பெருமையாகச் சொல்வது அவர்கள் கைவேலையில் ஆரம்பித்ததுதான். அவர்கள் போனார்கள், அங்கேயே வேர்விட்டார்கள்.

அம்மனின் பயணம் அப்படி இல்லை. விஜயதசமி முடிந்து ஒரு நாள் ஓய்வு. பிறகு அதே ரோடு, அதே நெய்யாற்றின்கரை, அதே குழித்துறை, மூன்றாம் நாள் பத்மநாபபுரம். வீடு திரும்புவதும் திட்டத்திலேயே இருக்கிறது. நமக்கு இரண்டு பயணமும் தெரியும். போய் வேர்விடுவதும் தெரியும், ஊர் திரும்பும் ஆசையும் தெரியும். அதனால்தானோ என்னவோ இந்த ஊர்வலம் எனக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது.

இந்த வருஷம் கொலு வைக்கும்போது, படியில் இருக்கும் சரஸ்வதி பொம்மையைக் காட்டிப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். புரட்டாசியில் ஊருக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் ஒரு நாள் காலையில் களியக்காவிளை ரோட்டோரம் நின்று பாருங்கள். வாளும் யானையும் பல்லக்கும் கோட்டைத் தாண்டிப் பாறசாலைக்குள் போவதைப் பார்க்கலாம்.