சேணம் யாருக்கு? குதிரைக்கா, ஏறுபவருக்கா?



"சேணம் கட்டிய குதிரை மாதிரி ஒரே பக்கம் பார்க்காதே" என்று சிலர் மேடையில் பேசுவார்கள். சேணம் கண்ணில் கட்டுவதல்ல, முதுகில் வைப்பது. கண்ணை மறைப்பது கண்பட்டை. வாயில் மாட்டுவது கடிவாளம். கால் ஊன்றுவது அங்கவடி.

இந்தப் பேச்சு எதற்கு என்றால், அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தியின் மகள் அங்கே பீப்பாய்ப் பந்தயம் பழகுகிறாள். மூன்று பீப்பாய்களைக் குதிரை வளைந்து வளைந்து சுற்றி வரவேண்டும். டெக்சாஸ் பெண்கள் 1948இல் தங்களுக்கென்று சங்கம் அமைத்து வளர்த்த விளையாட்டு. "சார், பிள்ளைக்குச் சரியாக இருக்கும் சேணம் குதிரைக்குச் சேரவில்லை" என்று அவள் எழுதியிருந்தாள். இது இன்று நேற்று வந்த சிக்கல் இல்லை அம்மா, இதற்கு நம் பக்கத்திலேயே வரலாறு உண்டு.

சென்னை தீவுத்திடல் அருகே மன்றோ சிலையைப் பார்த்திருப்பீர்கள். 1820 முதல் 1827 வரை மதராஸ் கவர்னராக இருந்தவர். சிலையில் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார், அந்த அவமானத்தில் உயிரை விட்டார் என்று ஒரு கதை ஊரில் உலவுகிறது. அது வெறும் கதை. அதே சிற்பி சான்ட்ரி, லண்டனில் உள்ள நான்காம் ஜார்ஜ் மன்னர் சிலையையும் சேணம் இல்லாமல்தான் செய்தார். அது அவர் விரும்பிச் செய்த பாணி.

வெண்கலக் குதிரைக்குச் சேணம் தேவையில்லை. உயிருள்ள குதிரைக்கு? சேணத்துக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. அது முதுகெலும்பைத் தொடாமல், இரு பக்கத் தசைகள் மேல் பாரத்தைப் பரப்ப வேண்டும். சட்டம் குறுகலானால் தோளைக் கவ்வும். அகலமானால் கீழே இறங்கி எலும்பில் உட்காரும். குறுகலான சேணத்தின் கீழ் இன்னொரு மெத்தை போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். இறுக்கமான செருப்புக்குத் தடித்த காலுறை போட்ட கதைதான்!

ஏறுபவர் பக்கமும் இப்படித்தான். உட்காரும் இடம் பெரிதானால் திருப்பத்தில் உடல் பின்னே தள்ளப்படும். அங்கவடியின் நீளம் தவறினால் கால் நிற்காது.

இதைக் கம்பெனிப் படை பட்டுத் தெரிந்துகொண்டது. உள்ளூர்க் குதிரைவீரர்கள் தங்கள் சேணத்தில், குட்டையான அங்கவடியில் காலை மடித்து உட்கார்ந்து பழகியவர்கள். முறைப்படையில் சேர்த்ததும் ஐரோப்பியச் சேணம், நீண்ட அங்கவடி, இறுக்கமான உடுப்பு! பெங்களூரில் பணியாற்றிய நோலன் என்ற அதிகாரி, 1853இல் வெளியிட்ட குதிரைப்படை நூலில் இந்தப் போக்கைக் கண்டித்தார். மறு ஆண்டே பாலக்ளாவா போரில் இறந்தார். இதற்கு மாறாகச் 'சில்லாதார்' முறையில், வீரர் தம் குதிரையோடும் தளவாடங்களோடும் வந்து சேர்ந்தார். சேணத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஏறுபவருக்கும் பங்கு இருந்தது.

நம் செம்பரம்பாக்கத்தைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் உருவாகின்றன. அதன் இருக்கையை முன்னே பின்னே நகர்த்தி ஓட்டுபவருக்கு ஏற்றபடி வைக்கலாம். காருக்கு முதுகு வலிக்காது. குதிரைக்கு வலிக்கும், ஆனால் அது வாய்திறந்து சொல்லாது. காதை மடக்கும், வாலை வீசும், பீப்பாயை நெருங்க மறுக்கும். நாம் அதைத் திமிர் என்று சாட்டையை எடுப்போம்.

மாணவிக்கு எழுதிய பதில் இதுதான். முதலில் குதிரையின் முதுகை அளந்து சட்டத்தைத் தேர்ந்தெடு. பிறகு அந்தச் சட்டத்திலேயே மகளுக்குப் பொருந்தும் இருக்கை அளவைத் தேடு. ஓட்டி முடித்துச் சேணத்தை இறக்கியதும் வியர்வைத் தடத்தைப் பார். எல்லா இடமும் நனைந்திருக்க நடுவில் ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால், அங்கே அழுத்துகிறது என்று சந்தேகப்படு. அந்த இடத்தில் வெள்ளை முடி முளைத்திருந்தால், பழைய காயத்தின் அடையாளமாக இருக்கலாம்.

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துக்குப் போகும்போது, தூண்களில் உள்ள குதிரைவீரர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வீரரைப் பார்த்த பிறகு, அவர் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறார் என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.